வெந்நீர் என்று பெயர் வைத்தவன்

மார்ச் 3

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் மச்சினன் எழுதுவது. உறையின் மேலிருந்த எழுத்தைப் பார்த்ததுமே தெரிந்திருக்கும். இங்கே பாதிக் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதிய கை இது. போனில் என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறீர்கள். நீங்கள் ஊரை விட்டுப் போன பதினான்கு மாதத்தில் ஒன்பது தடவை. கடிதம் என்றால் கிழிப்பதற்கு முன்னால் இரண்டு வரியாவது கண்ணில் படும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் ஊர்ச் செய்தி. ரொட்டிக்கடைக்காரர் புதுப் பல்செட் கட்டிக்கொண்டார். பல் அவரைவிடப் பெரியது. அவர் கடையை மூடிய பிறகும் அது சிரித்துக்கொண்டிருக்கிறது. எனக்கு இடுப்புச் சுற்றளவு கூடி, ஏணியில் நாலாவது படிக்கு மேல் போனால் ஏணி என்னிடம் ஏதோ சொல்ல வருகிறது. அதனால் இப்போதெல்லாம் தாழ்வான போர்டு மட்டும் எழுதுகிறேன்.

இனி விஷயம். அக்கா டிராக்டரை விற்கப் போகிறாள். பழைய வண்டிகளைச் சேர்த்து வைக்கும் பல் டாக்டர் ஒருவர் கேட்கிறார். (ரொட்டிக்கடைப் பல்லும் அவர் கைவேலைதான். அதைப் பார்த்தும் நம் வண்டியை ஒப்படைக்கத் துணிந்துவிட்டாள்.) 28ஆம் தேதி வருகிறார். அவர் கண் முன்னால் அரை மணி நேரம் உழ வேண்டும், கொதிக்கக் கூடாது. அதுதான் அவர் போட்ட ஒரே நிபந்தனை.

"ஏன்க்கா விக்கிற?" என்று கேட்டேன். "அது ஷெட்டுல நிக்கிறவரைக்கும் அந்த மனுஷனும் பக்கத்துலயே நிக்கிற மாதிரி இருக்குடா" என்றாள்.

அன்று கொதித்து விரிசல் விட்ட எஞ்சின் ஹெட்டை மாற்றி வந்ததிலிருந்து வண்டி ஷெட்டை விட்டு வெளியே வரவில்லை. நேற்று ஸ்டார்ட் செய்து பார்த்தேன். ரேடியேட்டர் ஃபேன் முனகுகிறது. இறக்கையைப் பிடித்து ஆட்டினால் முன்னும் பின்னும் ஆடுகிறது. பட்டறைக்காரரும் மகள் வீட்டோடு போய்விட்டார். என்னைவிட நாலு வயது மூத்த வண்டி. இதன் உள்விவகாரம் தெரிந்த ஒரே ஆள் நீங்கள். குப்பையில் கிடந்ததை எடுத்து ஓடவைத்தவரும் நீங்கள்தான். ஃபேனைச் சரிசெய்யும் வழியை மட்டும் எழுதுங்கள். மற்றது எதுவும் எழுத வேண்டாம்.

நான் எழுதுவது அக்காவுக்குத் தெரியாது.

இப்படிக்கு,
மச்சினன்


மார்ச் 9

மச்சினனுக்கு,

கடிதம் கிடைத்தது. வண்டியை விற்பதும் வைத்துக்கொள்வதும் உன் அக்கா இஷ்டம். நான் பதில் எழுதுவது வண்டிக்காக.

ஆடுகிறது என்றால், ஃபேனைத் தாங்கிச் சுற்றும் ஹப்பில் பேரிங் போய்விட்டது. டைனமோவின் போல்ட்டைத் தளர்த்து, உள்பக்கம் தள்ளு, பெல்ட் தானாக வரும். ரேடியேட்டரை இறக்கிவிட்டு வேலை செய். சோம்பல்பட்டு இடுக்கில் கையை விட்டால் ரேடியேட்டர் குழாயைக் குத்திவிடுவாய். நாலு போல்ட் கழற்றினால் ஃபேன் வரும். ஹப்பைப் புல்லர் போட்டு இழு. சுத்தியலைத் தொடாதே. உனக்குச் சுத்தியல் பிடிக்கும் என்று தெரியும், அதனால்தான் சொல்கிறேன்.

இரண்டு பேரிங், ஒரு ஆயில் சீல் வாங்கு. பழையதைக் கையில் கொண்டுபோய்க் காட்டி வாங்கு, வாயால் சொல்லி வாங்காதே. அந்த ஹப்புக்கு கிரீஸ் கூடாது, ஆயில்தான். சின்ன மூடியைக் கழற்றி ஊற்று. கிரீஸை அடைத்தால் பின் பேரிங்குக்குப் போய்ச் சேராது.

இதெல்லாம் கழற்றிய பிறகு. கழற்றுவதற்கு முன்னால் ஒன்று செய். எஞ்சினை உழும்போது ஓடும் வேகத்துக்கு ஏற்றிவிட்டு, ரேடியேட்டருக்கு முன்னால் ஒரு செய்தித்தாளை விரித்துப் பிடித்துக் கையை எடு. ஃபேன் ஒழுங்காக இழுத்தால் தாள் போஸ்டர் ஒட்டினதுபோல் அப்பிக்கொண்டு நிற்கும். நின்றதா இல்லையா என்று எழுது.

இங்கே துறைமுகத்தில் கிரேன் வேலை. உடம்பு நன்றாக இருக்கிறது.

அத்தான்


மார்ச் 14

அன்புள்ள அத்தானுக்கு,

உடம்பு நன்றாக இருக்கிறது என்று ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அதை மட்டும் நாலு தடவை படித்தேன். அக்காவிடம் சொல்லவும் முடியவில்லை, சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. கடைசியில், "துறைமுகத்துல கிரேன் ஓட்டுறவங்களுக்கெல்லாம் உடம்பு நல்லாருக்காம்க்கா, பேப்பர்ல போட்டிருக்கான்" என்றேன். "இதையெல்லாமா பேப்பர்ல போடுவான்?" என்று கேட்டாள். பிறகு வெகுநேரம் ஒரே பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

நீங்கள் சொன்னபடியே கழற்றினேன். சுத்தியலை அக்காவிடம் கொடுத்துப் பூட்டச் சொல்லிவிட்டேன். ரேடியேட்டரை இறக்கும்போது அது என் மேல் சாய்ந்து, நாங்கள் இருவரும் சிறிது நேரம் கட்டிப்பிடித்தபடி நின்றோம். முன் பேரிங்கைத் தொட்டதும் பிரிந்து குண்டுகள் எல்லாம் ஷெட் முழுக்க ஓடின. ஒன்று மட்டும் என் பேன்ட் மடிப்பில் கிடந்து, அன்று சாயங்காலம் ரொட்டிக்கடையில் கீழே விழுந்தது. "உங்க பல்லா பாருங்க" என்று அவரிடமே எடுத்துக் கொடுத்தேன். வாங்கிப் பார்த்தார், அத்தான்.

பேரிங், சீல் இரண்டும் வாங்கிவிட்டேன். பழையதைக் காட்டித்தான்.

தாள் விஷயம். விரித்துப் பிடித்துக் கையை எடுத்தேன். கொஞ்சம் ஒட்டின மாதிரி இருந்தது. அப்புறம் மெதுவாக வழுக்கிக் கீழே விழுந்துவிட்டது. மூன்று தடவை பார்த்தேன். பழைய பேப்பர், கனம் அதிகம் போல.

இன்னொன்று. ஃபேனைக் கழற்றிப் பார்த்தபோது, அது முன்பின் மாறி மாட்டியிருந்த மாதிரி தெரிகிறது. இறக்கையின் குழிவு எதிர்ப்பக்கம் இருக்கிறது. ஹெட் மாற்றும்போது பட்டறையில்தான் அப்படி மாட்டியிருக்க வேண்டும். வயசானவர், கண் தெரிந்திருக்காது. எப்படியும் போகட்டும், நான் சரியாகத் திருப்பி மாட்டிவிடுகிறேன். இதைப் பற்றி நீங்கள் யோசிக்க வேண்டாம்.

மச்சினன்


மார்ச் 18

மச்சினனுக்கு,

தாளில் கனம் இல்லை.

முன்பின் மாறினாலும் ஃபேன் அதே பக்கம்தான் இழுக்கும், ஆனால் பாதிக்குப் பாதி பலம் போய்விடும். சும்மா ஓட்டினால் தெரியாது. கலப்பையை இறக்கினால் கொதிக்கும்.

ஃபேனுக்கு நீ மஞ்சள் பெயின்ட் அடித்திருக்கிறாய், இரண்டு பக்கமும். ஃபேனை இறுக்கும்போது ஹப்பின் வட்டம் பெயின்டில் பதியும். எந்தப் பக்கம் ஹப்பில் உட்காருகிறதோ அந்தப் பக்கம். சரியாக இருந்ததைப் பட்டறையில் மாற்றியிருந்தால் இரண்டு பக்கமும் வட்டம் இருக்க வேண்டும்.

ஒரு பக்கமா, இரண்டு பக்கமா?

அத்தான்


மார்ச் 22

அத்தான்,

ஒரு பக்கம்தான். தப்பான பக்கம்.

உங்கள் கடிதத்தை வாங்கிக்கொண்டு ஷெட்டுக்குப் போனேன். பார்க்கத் தேவையே இல்லை. ஆனாலும் ஃபேனை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், இன்னொரு பக்கம் வட்டம் முளைத்திருக்குமா என்று. என் வேலை எவ்வளவு சுத்தம் பாருங்கள். சரியான பக்கத்தில் ஒரு கீறல் இல்லை.

திருப்பி மாட்டியது நான்தான்.

உங்கள் இருபதாவது கல்யாண நாளுக்கு, நீங்கள் வெளியூர் போயிருந்த வாரத்தில், வண்டிக்குப் பெயின்ட் அடித்து வைத்தேனே, அப்போது. உடம்புக்குச் சிவப்பு அடித்தாகிவிட்டது, கை சும்மா இருக்கவில்லை. ஃபேனுக்கு மஞ்சள் அடித்தால் சுற்றும்போது தட்டு மாதிரி ஜொலிக்குமே என்று தோன்றியது. கழற்றி, தேய்த்து, அடித்து, காயவைத்து, மாட்டினேன். எந்தப் பக்கம் முன்னால் என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். இரண்டு பக்கமும் அழகாகத்தான் இருந்தது. மாட்டிவிட்டேன்.

இதுவரை தெரியாமல் செய்தது. இனி எழுதப்போவதுதான் வேறு.

நீங்கள் போன பதினோராம் நாள் பட்டறைக்குப் போனேன். ஹெட்டைக் கழற்றிப் போட்டிருந்தார்கள். பட்டறைக்காரர் ஃபேனைப் பெஞ்சில் வைத்து நகத்தால் என் பெயின்டைச் சுரண்டிக்கொண்டிருந்தார். அடியில் எழுத்து குத்தியிருந்தது. இந்தப் பக்கம் ரேடியேட்டரைப் பார்க்க வேண்டும் என்று வண்டி செய்தவனே குத்திவைத்த எழுத்து. பிரைமர் ஒரு கோட்டிங், மஞ்சள் இரண்டு கோட்டிங், நான் அதை அடைத்துவிட்டிருக்கிறேன்.

"இத எவன் மாட்டினது?" என்றார்.

"தெரியலையேண்ணே."

"ஊருக்கே போர்டு எழுதுறவன் நீ. இருக்கிற எழுத்தப் படிக்க மாட்டியா?"

அவர் என்னைத்தான் பார்த்துக்கொண்டு கேட்டார். "ஃபேன நானே மாட்டிக்கிறேண்ணே, நீங்க ஹெட்ட மட்டும் பாருங்க" என்று சொல்லி, சாக்கில் போட்டு வீட்டுக்குத் தூக்கிவந்தேன். வண்டி வந்த பிறகு மாட்டினேன். சுரண்டின இடத்துக்கு ஒரு டச் மஞ்சள் வைத்து, பழையபடி, தப்பாக.

ஏன் என்று கேட்பீர்கள். சரியாக மாட்டினால் வண்டி கொதிக்காது. கொதிக்காவிட்டால், "இப்ப மட்டும் ஏன் கொதிக்கல?" என்று அக்கா கேட்பாள் என்று பயம். இப்போது யோசித்தால் அவள் கேட்டிருக்கவே மாட்டாள். புது ஹெட் என்று விட்டிருப்பாள். ஆனால் அன்று எனக்கு அந்தக் கேள்வி காதிலேயே கேட்டது.

அதனால் வண்டியை வெளியே எடுக்க விடவில்லை. டயர் சரியில்லை என்றேன், பேட்டரி என்றேன். பதினான்கு மாதம் ஒரு டிராக்டருக்குக் காவல் இருந்தேன். அக்கா விற்கிறேன் என்றதும் முதலில் எனக்கு வந்தது நிம்மதி. அதையும் சொல்லிவிடுகிறேன். பல் டாக்டர் கொண்டுபோய்விட்டால் எல்லாம் போய்விடும் என்று நினைத்தேன். அப்புறம் ஃபேன் முனகியது, உங்களுக்கு எழுத ஒரு சாக்குக் கிடைத்தது. பட்டறைக்காரர் மேல் பழிபோட்டு எழுதிய கடிதத்தைத் தபால்பெட்டியில் போட்டுவிட்டு, உள்ளே கைவிட்டு எடுக்கப் பார்த்தேன். கடிகாரப் பட்டை மாட்டிக்கொண்டு தபால்காரர் வரும்வரை நின்றேன்.

அக்காவிடம் சொல்லத்தான் வேண்டும். மூன்று தடவை வாயெடுத்தேன். மூன்றாவது தடவை, "அக்கா, ஒரு விஷயம்" என்றதும் அவள் நிமிர்ந்து பார்த்தாள். "கத்தரிக்கோல் எங்க இருக்கு?" என்று கேட்டுவிட்டேன். எடுத்துக் கொடுத்தாள். வேறு வழியில்லாமல் நகம் வெட்டிக்கொண்டேன்.

28ஆம் தேதிக்குள் சொல்லிவிடுவேன்.

மச்சினன்


மார்ச் 27

மச்சினனுக்கு,

எனக்கு அன்றைக்கே தெரியும்.

வயலில் கொதித்ததும் நிறுத்தினேன். ஆறவைத்தேன், தண்ணீர் ஊற்றினேன், ஓடவிட்டு விதைப்பையின் தாளைக் கிழித்து முன்னால் பிடித்தேன். வழுக்கியது. எஞ்சினை நிறுத்திவிட்டுக் கையை விட்டு இறக்கையைத் தடவிப் பார்த்தேன், குழிவு எதிர்ப்பக்கம் இருந்தது. யார் மாட்டியிருப்பார்கள் என்று யோசிக்க நேரம் ஆகவில்லை. சூட்டில் இளகின பெயின்ட், கையெல்லாம் மஞ்சள்.

அதைச் சொல்லத்தான் பட்டறைக்கு மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்தேன். ஹெட் விரிசல் விட்டிருக்கிறது என்று அங்கேதான் தெரிந்தது. உன் அக்கா வந்தாள். கோபத்தில் கத்தினாள். "தண்ணி பாத்து ஊத்தக்கூடவா தெரியாது?" என்றாள். வண்டி போனால் யாருக்கும் கோபம் வரும். நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் நீ சொன்னாய்.

என்ன சொன்னாய் என்று உன் கடிதங்களில் எதிலும் இல்லை. நான் எழுதுகிறேன். "அத்தான் எங்க உழுதாரு, அக்கா? குளிக்கிறதுக்கு வெந்நீர் போட்டுக்கிட்டிருந்தாரு."

எல்லாரும் சிரித்தார்கள். செங்கல் சூளைக்காரர் உட்கார்ந்து சிரித்தார். அடுத்த நாளிலிருந்து என் பெயர் வெந்நீர். கடைக்குப் போனால் வெந்நீர், பஸ்ஸில் வெந்நீர். அதற்காக நான் ஊரை விட்டு வரவில்லை.

உன் அக்காவும் சிரித்தாள். அவ்வளவு கோபத்தில் இருந்தவள், உன் பேச்சைக் கேட்டதும் முகம் மாறிச் சிரித்தாள். இருபது வருஷத்தில் ஒரு நாள்கூட ரேடியேட்டரைப் பார்க்காமல் நான் சாவியைத் தொட்டதில்லை. சமையலறை ஜன்னலிலிருந்து தினமும் பார்ப்பவள் அவள். அவளுக்கே அது ஜோக்காகத் தெரிந்தது.

ஃபேனை நீ மாட்டினாய் என்று அப்போது சொல்லியிருந்தால், அதற்கும் நீ ஏதாவது சொல்லியிருப்பாய். அதற்கும் சிரித்திருப்பார்கள். நான் வாயை மூடிக்கொண்டேன்.

ஃபேனைத் தப்பாக மாட்டியதற்கு உன் மேல் எனக்குக் கோபம் கிடையாது. நானும் ஒரு தடவை மாட்டியிருக்கிறேன்.

அத்தான்


ஏப்ரல் 6

அன்புள்ள அத்தானுக்கு,

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். நடுவில் எங்காவது வேடிக்கை மாதிரி இருந்தால் அது பழக்கதோஷம், மன்னிக்கவும்.

28ஆம் தேதி வரைக்கும் அக்காவிடம் சொல்லவில்லை. ஹப் போட்டேன், ஆயில் ஊற்றினேன், ஃபேனைச் சரியாக மாட்டினேன், பெல்ட்டும் புதிது. தாள் அப்பிக்கொண்டு நின்றது. அதை உரித்தெடுக்க வேண்டியிருந்தது.

பல் டாக்டர் வெள்ளை ஷூ போட்டுக்கொண்டு வயலுக்கு வந்தார். வேடிக்கை பார்க்க ரொட்டிக்கடைக்காரர், சூளைக்காரர் எல்லாரும் வந்துவிட்டார்கள். அன்று பட்டறையில் நின்ற அதே கூட்டம். அக்கா சாவியை நீட்டினாள். நான் வாங்கவில்லை. "வண்டி கொதிச்சதுக்கு அத்தான் காரணமில்லக்கா. ஃபேன நான்தான் திருப்பி மாட்டினேன்" என்றேன். மேலே விளக்கமும் சொன்னேன். கை எங்கே வைப்பது என்று தெரியாமல் டாக்டரின் குடையை வாங்கிப் பிடித்துக்கொண்டு சொன்னேன்.

"எப்பத் தெரியும் உனக்கு?" என்றாள் அக்கா.

"அவர் போன பதினோராம் நாளே."

அவள் டாக்டரைப் பார்த்து, "மன்னிச்சுக்குங்க. இது எனக்குச் சொந்தமில்ல, அவரைக் கேக்காம விக்க முடியாது" என்றாள். டாக்டர் நல்ல மனுஷர். குடையை மட்டும் திருப்பிக் கேட்டார். பிறகு அக்கா, "ஏறு. உழு" என்றாள். உழுதேன். அவள் கூடவே நடந்து வந்தாள், சூட்டுமானியின் முள்ளையே பார்த்துக்கொண்டு. அரை மணி நேரம் போய், முழு வயலும் முடிந்தது. முள் அசையவில்லை. "அப்ப அவர் ஏன்டா அன்னிக்கே சொல்லல?" என்று கேட்டாள்.

மூன்றாம் நாள் உங்கள் கடிதம் வந்தது. படித்துவிட்டு ஒளித்துவைக்கலாமா என்று ஒரு மணி நேரம் யோசித்தேன். அதையும் சொல்லிவிடுகிறேன். அப்புறம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

நின்றுகொண்டு படித்தாள். உட்கார்ந்து இன்னொரு தடவை படித்தாள்.

"நான் சிரிச்சேனா?"

"சிரிச்ச."

"எவ்ளோ நேரம்?"

"மத்தவங்களவிடக் கொஞ்சம் கம்மிதான்."

"பொய் சொல்லாத."

"மத்தவங்களவிட அதிகம்க்கா."

அன்றிலிருந்து என்னோடு பேச்சில்லை. தட்டில் சோறு விழுகிறது, சத்தத்தோடு விழுகிறது.

எனக்கும் பெயர் வைத்துவிட்டார்கள். ரொட்டிக்கடைக்காரரின் உபயம். "ரிவர்ஸ்". "ரிவர்ஸ் வர்றாரு, பின்னாடி நிக்கிறவங்க தள்ளி நில்லுங்க" என்கிறார்கள். முதல் நாள் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தது நான்தான். நல்ல பெயர், எனக்கே தோன்றியிருக்க வேண்டியது. மூன்றாம் நாள் ஒரு கடைக்காரர் பெயர்ப்பலகை எழுதக் கூப்பிட்டுவிட்டு, "எழுத்து கண்ணாடியில பாத்தாத்தான் தெரியுமா?" என்றார். சிரித்தேன், ஆனால் வாய் வலித்தது. ஐந்தாம் நாள் ரொட்டிக்கடை வழியாகப் போகாமல் பின்தெருவைச் சுற்றிக்கொண்டு போனேன். போகும்போதுதான் நினைவு வந்தது. நீங்களும் கடைசி மாதம் இந்தப் பின்தெரு வழியாகத்தான் போவீர்கள். "நடந்தா உடம்புக்கு நல்லது" என்பீர்கள். அத்தானுக்குத் தொப்பை குறைய ஆசை என்று அதையும் நான் நாலு பேரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

எனக்கு ஐந்து நாள். உங்களுக்கு ஒரு மாதம். மன்னிப்புக் கேட்டு எழுத உட்கார்ந்தால் பேனா நகரவில்லை. எழுத்து வேலை செய்பவன், கூச்சமாக இருக்கிறது. கேட்டதாக வைத்துக்கொள்ளுங்கள்.

அக்கா என்னிடமிருந்து பேனா வாங்கிப் போயிருக்கிறாள். உங்களுக்குத்தான். நாலு நாளாகக் கசக்கிப் போட்ட தாள்கள்தான் வெளியே வருகின்றன. பொறுக்கிப் பார்த்தேன், "அன்புள்ள" என்பதற்கு மேல் எதிலும் இல்லை. "நான் எழுதித் தரட்டுமாக்கா?" என்று கேட்டேன். அவள் பார்த்த பார்வைக்கு நான் ஷெட்டுக்கு வந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அவளுக்கு எழுத்து ஓடாது, உங்களுக்குத் தெரியும். அவள் மனசில் இருப்பது எனக்குத் தெரியும். நீங்கள் சரி என்றால் அவளுக்காக நானே எல்லாவற்றையும் விவரமாக எழுதிவிடுகிறேன். வண்டியை என்ன செய்வது என்றும் சொல்லுங்கள்.

மச்சினன்


ஏப்ரல் 11

மச்சானுக்கு,

வண்டியை விற்க வேண்டாம் என்று சொல். புது பெல்ட் பத்து மணி நேரம் ஓடினதும் தளரும். டைனமோவை வெளியே இழுத்து ஒரு தடவை இறுக்கு. நடுவில் அழுத்தினால் கட்டைவிரல் தடிமன் உள்ளே போக வேண்டும், அதற்கு மேல் கூடாது.

உன் அக்காவுக்காக நீ எழுதாதே. எத்தனை தாள் கசங்கினாலும் சரி, "அன்புள்ள" என்பதோடு நின்றாலும் சரி, அதையே அனுப்பச் சொல். நான் காத்திருக்கிறேன்.

இங்கே அறையில் தனியாக உட்கார்ந்து உன் கடிதங்களைப் படிக்கும்போது நாலு இடத்தில் சிரித்துவிட்டேன். பல்செட்டுக்கும் சிரித்தேன், கத்தரிக்கோலுக்கும் சிரித்தேன். எவ்வளவு அடக்கியும் நிற்கவில்லை. அன்று அவளுக்கும் இப்படித்தான் வந்திருக்குமோ என்று இப்போது தோன்றுகிறது. அது உண்மையா என்று எனக்கு அவள் சொல்ல வேண்டும்.

நீ எழுதினால் நான் மறுபடியும் சிரித்துவிடுவேன்.

அத்தான்